உள்வாயில் வைத்த புள்ளிகள்

உள்வாய் என்றால் என்ன என்று அலர்மேல்மங்கை டீச்சருக்குத் தெரியாது. நடந்த அத்தனை பாவத்துக்கும் அதுதான் முதல். மதுரையில் பிறந்து, வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் டவுன் தமிழும் பேசி வளர்ந்து, திருநகரில் வாக்கப்பட்டவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் குழாய்தான். கண்மாயைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். கரைக்கு வெளியே வயல். கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு ஊரார் வைத்த பேர் உள்வாய். அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்குக்கூட இது தெரியும். எம்.ஏ., பி.எட். படித்த டீச்சருக்குத் தெரியவில்லை.

மூணுமடைப்பட்டி தொடக்கப்பள்ளிக்கு அவள் மாற்றலாகி வந்தது இரண்டாயிரத்து எட்டு ஜூனில். ஊர்ப் பேருக்கு ஏற்ற மாதிரி மூன்று மடை வைத்த கண்மாய் ஒன்று. அதன் ஒரு மூலை மண்மேடிட்டுப் போய், முப்பது வருஷத்துக்கு முன்னால் வீடு வாசல் இல்லாதவர்கள் அங்கே குடிசை போட்டார்கள். குடிசை மண்சுவராயிற்று, மண்சுவர் செங்கலாயிற்று. கரண்டு வந்தது, ரேஷன் கார்டு வந்தது, ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் வந்தது. பட்டா மட்டும் வரவில்லை.

இருபத்தேழு வீட்டாரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். எங்கள் இடம் கண்மாயே இல்லை, ஆதியிலிருந்தே குடியிருப்பு நத்தம், பேர் அம்மன் நகர், பட்டா கொடுங்கள் என்று. கண்மாய்த் தண்ணீரை நம்பி வயல் வைத்திருந்தவர்கள் எதிர்மனுப் போட்டார்கள். அது கண்மாயேதான், காலி பண்ணுங்கள் என்று. தாலுகா ஆபீசில் அந்த மூலைக்கான பழைய வரைபடம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பொடிந்து போயிருந்தது. யார் சொல்வது சரி என்று சொல்ல ஆளில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே கிடந்தது. அது இழுத்துக்கொண்டு கிடந்தவரை இருபத்தேழு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

தலைமையாசிரியர் அழகுமலை இதையெல்லாம் ஒருநாள் டீச்சரிடம் சொல்லத்தான் செய்தார். "அம்மன் நகர்ப் பட்டாப் பிரச்சனை" என்று சொன்னார். அது எங்கோ வேறு பக்கம் இருக்கிற நகர் என்று நினைத்து அவள் தலையாட்டிக்கொண்டாள். வீட்டுமனைக்காரர்கள் நடுகிற மஞ்சள் கல்லெல்லாம் அவள் மனசில் வந்து போனது. தன் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பதினோரு பிள்ளைகளின் வீடு அதுதான் என்று யார் கண்டது.

பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷமாக வேட்டி போர்த்திக் கிடந்தது. தூசி படக்கூடாது என்பது அழகுமலை சாரின் உத்தரவு. ஆகஸ்டில் அவர் கண் ஆபரேஷனுக்குப் போனார். பொறுப்பு இவள் கைக்கு வந்தது. வந்த மறுநாளே வேட்டியை உருவினாள். அவள் வீட்டுக்காரர் கிரிதரன் திருநகரில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். அவர் ஒரு சனிக்கிழமை வந்து தமிழ் எழுத்தை ஏற்றி, சாவிகளின் மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டி, இன்டர்நெட்டுக்கு ஒரு குச்சியும் கொடுத்துவிட்டுப் போனார். குச்சியை ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டினால்தான் சிக்னல் கிடைத்தது. காற்றடித்தால் ஒரு பிள்ளை போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர். புத்தகத்தில் 'நமது ஊரின் வரைபடம்' என்று ஒரு பாடம் இருந்தது. புத்தகத்தில் போட்டிருந்த ஊரோ எந்த ஊர் என்று அச்சடித்தவனுக்கே தெரியாது. நம் ஊரையே காட்டுகிறேன் பார் என்று டீச்சர் திரையில் பூமி உருண்டையைக் கொண்டுவந்தாள். உருட்டினாள். இந்தியா வந்தது, மதுரை வந்தது, அப்புறம் பழுப்பும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக என்னவோ வந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று பார்த்தார்கள்.

"நம்ம ஊரா டீச்சர் இது? ஆளே இல்ல."

"மேலருந்து பாத்தா ஆள் தெரியாதுடா."

பள்ளிக்கூடம் எங்கே என்று அவளுக்கே பிடிபடவில்லை. அப்போதுதான் மீனா முன்னால் வந்தாள். காளை கொத்தனார் மகள். ஒல்லிக்குச்சி, வகுப்பிலேயே வாய்த்துடுக்கு. திரையை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது மூணாவது மடைலருந்து போற வாய்க்கா டீச்சர். அது வளையிற எடத்துலதான் நம்ம பள்ளிக்கூடம். வாய்க்காலப் புடிச்சுக்கிட்டே வாங்க."

டீச்சர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம் வந்தது. கூரையும் வேப்பமரமும் சத்துணவுக்கூடமும் தெரிந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒன்றாம் வகுப்பு எழுந்து ஓடி வந்துவிட்டது. பத்து வருஷ வேலையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது.

"அந்தா, நீலமா இருக்குல்ல, அது எங்க வீடு. அப்பத் தகரம் போடல. மழைக்கு அப்பா தார்ப்பாய் கட்டிருந்துச்சு," என்றாள் மீனா. படம் ரெண்டு வருஷப் பழசு.

மறுநாள் ஒவ்வொரு பிள்ளையாக வந்து தன் வீட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும், புள்ளியில் பேரும் இடமும் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னாள். என்ன எழுத என்று கேட்டன பிள்ளைகள்.

"பஸ்ஸுல வந்து எறங்குனவங்க ஒன் வீடு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? அத அப்படியே எழுது. அழகா எழுதணும்னு இல்ல, நெசமா எழுதணும்."

மீனா ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். 'மீனா வீடு, உள்வாயி.' டீச்சர் பின்னால் நின்று பார்த்தாள். ஏதோ தெருப் பேர் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எழுத்துப்பிழை அவள் கண்ணுக்குப் பொறுக்காது.

"'யி' இல்லம்மா, 'ய்'. நாய், தாய், வாய் மாதிரி. பேசுறப்ப வாயி, எழுதுறப்ப வாய்." தானே கையை நீட்டி, 'யி'யை அழித்து, யகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.

அதைப் பார்த்து முன் வரிசையில் மற்றப் பிள்ளைகளும் பிழையில்லாமல் 'உள்வாய்' என்று எழுதின. மருது என்ற பையன் மட்டும் 'அம்மன் நகர்' என்று எழுதினான். வகுப்பே சிரித்தது.

"அது மனுவுல போடுற பேரு டீச்சர். நெசப் பேரு இல்ல," என்றாள் மீனா.

அம்மன் நகர் என்ற பேரிலும் மனு என்ற சொல்லிலும் அவள் காது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "எங்கப்பா அப்படித்தான் எழுதணும்னு சொல்லிருக்கு," என்று மருது முனகினான். அவனுக்குத்தான் வீட்டில் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் அவன் தலையைத் தடவி, "நீங்க பேச்சுல எப்படிச் சொல்லுவீங்களோ அதான்டா வேணும்," என்று சொல்லி அதையும் மாற்ற வைத்தாள். அந்த வகுப்பில் பிள்ளை இல்லாத வீடுகளுக்கும் மீனாவே புள்ளி வைத்தாள். ஒரு வீட்டையும் விடக் கூடாதாம். ஆக இருபத்தேழு வீடு, இருபத்தேழு புள்ளி, இருபத்தேழு உள்வாய். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அதைக்கூடத் தெரிந்து செய்கிறவன் உண்டு. இது பிள்ளைகளைப் பிடித்து வைத்து அடுத்தவர் வீட்டுக்கு வைத்த சூனியம்.

செப்டம்பரில் அலங்காநல்லூரில் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி நடந்தது. கிரிதரன் அந்தப் படத்தை ஆறடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தார். 'எங்கள் ஊர், எங்கள் கண்ணால்' என்று தலைப்பு. முதல் பரிசு. பதினோரு பிள்ளைகளும் எண்ணெய் வழிய வாரிச் சீவிக்கொண்டு ஃப்ளெக்ஸ் முன்னால் வரிசையாக நின்றன. மீனாவின் அம்மா முனியாயி களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். படிக்கத் தெரியாது. மகள் காட்டிய இடத்தில் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். காளை அன்றைக்குப் பரவையில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அழகுமலை சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "பச்சையா எடுப்பா இருக்கும்மா," என்று பாராட்டினார். ஒரு மாதம் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக அந்தப் பக்கத்து ஆட்களில் படிக்கத் தெரிந்த கண் ஒன்றுகூட அன்று அதைப் படிக்கவில்லை.

படித்தது மலையாண்டி. மூணாவது மடையில் ரெண்டு ஏக்கர் வயல் வைத்திருந்த மனுஷன். கண்மாய் பெருகினால்தான் அந்த மடைக்குத் தண்ணீர் ஏறும். ஆறு வருஷமாக ஏறவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. காய்ந்த வயலை ஆறு வருஷம் பார்த்தவர். ஒவ்வொரு புள்ளியாகக் குனிந்து படித்தார். பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"பிள்ளைகளா எழுதுச்சு டீச்சர்? அம்புட்டுமா?"

"அம்புட்டும் பிள்ளைங்கதான் சார். நான் ஒரு சொல்கூடச் சொல்லித் தரல," என்றாள் டீச்சர். பெருமையாகத்தான் சொன்னாள்.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். காளை பள்ளிக்கூடத்துக்கு வந்தான். காலெல்லாம் சிமெண்டு. வேலையிலிருந்து பாதியில் இறங்கி வந்திருக்கிறான். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "டீச்சர், எம்மக கம்ப்யூட்டர்ல என்ன எழுதுச்சு?" என்று கேட்டான்.

பரிசு விவகாரம் கேட்க வந்திருக்கிறான் என்றே அவள் நினைத்தாள். "உள்ள வாங்கண்ணே," என்று கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஃப்ளெக்ஸைக் காட்டி, மீனா எப்படி வாய்க்காலைப் பிடித்து வழி காட்டினாள் என்று ஆதியோடந்தமாகச் சொன்னாள். காளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஒரு புள்ளி படித்தான். அடுத்ததைப் படித்தான். மூன்றாவதற்கு மேல் படிக்கவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அழகுமலை சார் எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போய்ப் புதுக் கண்ணாடி வந்திருந்தது. கிட்டப் போய்ப் படித்தார்.

"ஏம்மா, உள்வாய்னா என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெருப் பேரு சார்."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். கண்மாய்க்கு உள்ளே என்று அர்த்தம் என்று. எது இல்லை இல்லை என்று இவர்கள் இத்தனை வருஷமாக மனுப் போட்டார்களோ, அதை இவர்கள் பிள்ளைகளே இருபத்தேழு தரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. அலர்மேல்மங்கை ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தாள். எழுதிய பிள்ளைகளைவிட, தான் கை நீட்டித் திருத்திய அந்த ஓர் எழுத்துதான் கண்முன்னால் நின்றது.

"வெள்ளிக்கிழம விசாரணை டீச்சர். எதிர்த்தரப்பு வக்கீலு இந்தப் படத்தத் தாக்கல் பண்ணிருக்காரு," என்றான் காளை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவன் குரலில் கோபம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளும் போனாள். பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். பிள்ளைகள் எழுதவில்லை, நான்தான் எழுதினேன், வெளியூர்க்காரி, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று. நல்ல பொய்தான். பாதி உண்மையும்கூட. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டால் இருபத்தேழு வீடு நிற்கும்.

விசாரணை அதிகாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காளையிடம் பொறுமையாகத்தான் கேட்டார். "இது எந்தக் காலத்துலயும் கண்மாயா இருந்ததில்லன்னு மனுவுல சொல்றீங்க. ஒங்க பிள்ளைங்க உள்வாய்னு எழுதியிருக்கு. கண்மாய் இல்லாம உள்வாய் ஏதுப்பா?"

அலர்மேல்மங்கை எழுந்தாள். "சார், அத எழுதுனது நான். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்... நான்தான் தப்பா டைப் அடிச்சிட்டேன்." சொல்லும்போதே நாக்கு திக்கியது.

மலையாண்டி எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. "அன்னைக்கு ஒரு சொல்கூடச் சொல்லித் தரலன்னீகளேம்மா," என்றார், மெதுவாக.

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார், "பிள்ளைங்க எழுதுனதா, நீங்க எழுதுனதா?" காளைதான் குறுக்கே பேசினான்.

"விடுங்க டீச்சர். நீங்க பொய் சொல்லிப் பழகாதவுக."

கண்மாய்தான் என்று முடிவாயிற்று; காலி பண்ணப் பொங்கல் கழியட்டும் என்று தவணை கொடுத்தார்கள். அலங்காநல்லூரில் மாடு பிடித்து முடிந்த மறு வாரம் வீடு இடிக்கப் புல்டோசர் மூன்று வந்தன. பள்ளி நாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்த நேரம். சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. முன் வரிசைப் பதினோரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மருது முதலில் எழுந்து ஓடினான். பின்னாலேயே எல்லாம் ஓடின. மீனா மட்டும் போகவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடப் பயமாக இருந்தது.

அரசாங்கம் வேறு இடம் தருவதாகச் சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை. சனம் திசைக்கு ஒன்றாகப் போயிற்று. காளை குடும்பம் பரவைக்கு, முனியாயியின் அண்ணன் வீட்டுப் பின்பக்கம். டி.சி. வாங்க முனியாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஐந்து நிமிஷமும் மீனா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேட்டி மறுபடி ஏறியிருந்தது.

"டீச்சர், எங்க வீட்ட ஒருக்கப் பாத்துக்கிரவா?"

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. வேட்டியை எடுத்தாள், குச்சியை ஜன்னலில் கட்டினாள். உருண்டை உருண்டது. இந்தியா, மதுரை, வாய்க்கால். புல்டோசர் வந்தது மேலே இருக்கிற அந்தக் கண்ணுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முந்திய வெயிலில் இருபத்தேழு வீடும் அப்படியே நின்றன. நீலத் தார்ப்பாயும் நின்றது. இருபத்தேழு புள்ளியும் நின்றன.

"ஆத்தாடி, நம்ம வீடா?" முனியாயி திரையைத் தொட்டாள். "கோழிக்கூண்டுகூடத் தெரியுது பாரு."

அதோடு அலர்மேல்மங்கை உடைந்துபோனாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று எத்தனை பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தும் ஒன்றும் உதவவில்லை. முனியாயி பதறிப்போய்த் தன் முந்தானையை எடுத்து டீச்சர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாதீக டீச்சர். ஒங்க மேல என்ன இருக்கு. எழுதுனது எம்மகதான."

சமாதானம் என்று நினைத்துத்தான் அந்தத் தாய் சொன்னாள். மீனா திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், நான் மொதல்ல உள்வாயின்னு தப்பாத்தான எழுதுனேன். நீங்க திருத்துனீக. தப்பாவே விட்டிருந்தா வீடு இருந்திருக்கும்ல?"

"நீ சரியாத்தான்டி எழுதுன. தப்பு என்னோடது. நல்லாக் கேட்டுக்க, மீனா, தப்பு என்னோடது."

அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. மவுஸை நகர்த்தித் தன் புள்ளியைத் திறந்தாள். யகரத்தின் தலையில் டீச்சர் வைத்த புள்ளியை அழித்தாள். 'இ' எழுத்து ஒட்டிய சாவியைத் தேடித் தட்டினாள். 'மீனா வீடு, உள்வாயி.' தட்டிவிட்டு, திருத்துவாளோ என்று டீச்சர் கையைப் பார்த்தாள். டீச்சர் கை மடியிலேயே கிடந்தது.

"இப்ப ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?"

"ஆகாதும்மா," என்றாள் அலர்மேல்மங்கை. இந்தப் பொய் மட்டும் திக்காமல் வந்தது.